அட்டைக் கார்

எங்கள் குடும்பத்தில் கார் இருந்ததற்கு ஒரே ஒரு அத்தாட்சி உண்டு. அதுவும் பொய் அத்தாட்சி. 1971 கார்த்திகைத் தீபத்தின்போது திருவண்ணாமலையில் படுதா கட்டிக் கடை போட்டிருந்த ஒரு திருவிழா ஸ்டூடியோவில் அப்பாவும் அம்மாவும் எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் அது. கல்யாணமாகி ஆறு மாதம். ஆளுயர அட்டையில் ஒரு காரை வரைந்து, ஜன்னல் வரவேண்டிய இடத்தை வெட்டியெடுத்து, பின்னால் ஒரு பெஞ்சைப் போட்டிருக்கிறார்கள். முகப்பு அம்பாசிடருடையது, பின்பக்கம் ஃபியட், நடுவில் உள்ளது ஓவியரின் சொந்தச் சரக்கு. முன்சக்கரம் வட்டமாக இருக்கிறது, பின்சக்கரம் முட்டையாக இருக்கிறது. பழைய இரும்புக் கடையில் கிடைத்த நிஜ ஸ்டீயரிங் ஒன்றைக் கட்டையில் அறைந்து வைத்திருப்பார்கள் போல. அப்பா அதைச் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருக்கிறார். அம்மா கேமராவைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"அப்படிப் பாக்கணும்னு ஸ்டூடியோக்காரர் சொன்னாரா?" என்று ஒரு முறை கேட்டேன்.

"யாரும் சொல்லல. கார்ல போனா வெளியத்தானே பாப்பாங்க" என்றாள்.

அந்தப் படம் எடுத்தபோது படுதாவுக்கு வெளியே செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றவர் என் தாய்மாமா. அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. ஒரு அரிசி மண்டி முதலாளியிடம் கிளீனராகச் சேர்ந்து, வண்டி கழுவி, ஸ்டெப்னி மாற்றி, ஒருவழியாக ஸ்டீயரிங்கைத் தொட ஆரம்பித்திருந்த நேரம். அதே முதலாளியின் அம்பாசிடரை அதற்குப் பிறகு 31 வருடம் ஓட்டினார். இன்று வரை அவர் பெயரில் ஒரு கார்கூட இல்லை. ஓட்டுநர் உரிமத்தை மட்டும் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்.

பழைய கார்களைப் படம் எடுப்பது எனக்கு இருபது வருடப் பைத்தியம். தியாகராய நகரில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்தில் நிற்கிற டி.எம்.எக்ஸ். 4777 எண் அம்பாசிடரை எத்தனை கோணத்தில் எடுக்க முடியுமோ அத்தனையிலும் எடுத்திருக்கிறேன். கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் கார் அருங்காட்சியகத்துக்கு மூன்று முறை போயிருக்கிறேன். வடபழனி ஏவி.எம். வளாகத்தில் பழைய கார்களை வைத்து அருங்காட்சியகம் திறந்தபோது அங்கேயும் போனேன். இந்தத் தொழிலில் பாதி காத்திருப்பதுதான். ஆட்கள் விலகும் வரை காத்திருக்க வேண்டும். யாரோ ஒருவரின் முழங்கை, ஒரு குழந்தையின் பலூன், செல்ஃபி எடுக்கும் ஜோடி எல்லாம் சட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். அப்புறம் பளபளப்பைச் சமாளிக்க வேண்டும். குரோம் பூசிய பம்பரும் வீல் கப்பும் கண்ணாடி மாதிரி. வண்டியை எடுக்கப் போனால் குனிந்து நிற்கிற தொப்பைக்காரன் ஒருவன்தான் படத்தில் விழுவான். அவனைத் தவிர்ப்பதற்கென்றே லென்ஸ் முன்னால் போடும் ஃபில்டர் ஒன்றை வாங்கினேன். பெயின்ட் மேல் விழும் வெளிச்சத்தை அது வெட்டும்; குரோமில் தெரியும் தொப்பையை வெட்டாது என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது.

சென்னையில் ஒரு மைதானத்தில் நடந்த பழைய கார் கண்காட்சிக்கு மாமாவை அழைத்துப் போனது அப்படியொரு படத்துக்காகத்தான். அம்பாசிடரைப் பார்த்தால் கிழவர் கண் கலங்குவார், எடுத்துவிடலாம் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

மாமா கலங்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சந்தையில் மாடு பார்க்கிறவர் மாதிரி வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். ஆஸ்டின், மோரிஸ் மைனர், இரட்டை வண்ணம் அடித்த பிளிமத், கதவைத் திறந்தால் வீட்டு முற்றம் போல இருக்கும் செவர்லே இம்பாலா. எல்லாவற்றையும் முதலில் குனிந்து அடியில்தான் பார்த்தார். "ஒரு சொட்டு ஆயில் கீழ இல்லடா" என்றார். அதைப் பாராட்டாகச் சொன்னாரா, சந்தேகமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் முன்னால் கொஞ்சம் நின்றார். அது நம்ம ஊர் வண்டி. வண்டலூர்ப் பக்கம் 1961 முதல் பத்து வருடம் செய்தது. மூலம் இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்ட். அதன் உருவத்தை வரைந்தவர் ஜியோவானி மிச்சலோட்டி என்ற இத்தாலியர். இத்தாலியர் வரைந்து, ஆங்கிலேயர் பெயர் வைத்து, செங்கல்பட்டு ஜில்லாக்காரர்கள் முடுக்கிய வண்டி. உரிமையாளர் பானெட்டைத் தூக்கிக் காட்டினார். ஹெரால்டில் பானெட் மட்டும் தனியாகத் திறக்காது. மட்கார்டு, விளக்கு எல்லாவற்றோடும் சேர்ந்து முன்பக்கம் முழுவதும் முதலை வாய் பிளக்கிற மாதிரி முன்னால் சாயும். "வேலை பாக்க நல்ல வசதி. டயர் மேல உக்காந்துக்கலாம்" என்றார் மாமா. உரிமையாளருக்கு அந்த ஒரு வார்த்தையில் முகம் மலர்ந்துவிட்டது. அவர் அந்தக் காரை ஒரு கோழிக் கொட்டகையிலிருந்து மீட்டவர். ஒரு விளக்கு வளையத்துக்காக நாலு வருடம் தேடியிருக்கிறார். இப்படிப்பட்டவர்கள் இல்லையென்றால் அந்த வண்டிகளெல்லாம் எப்போதோ புதுப்பேட்டையில் எடைக்குப் போயிருக்கும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது.

கடைசி வரிசையில் க்ரீம் நிறத்தில் ஒரு பழைய அம்பாசிடர் நின்றது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் அச்சில் வார்த்து, கல்கத்தாவுக்கு வடக்கே உத்தர்பாராவில் 1950களின் கடைசியில் செய்ய ஆரம்பித்து, 2014 மே மாதத்தோடு நிறுத்தியது. மாமா சிவப்புக் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். யோசிக்கவே இல்லை. வீட்டுக்குள் நுழைகிற மாதிரி நுழைந்து, புறங்கையைப் பானெட் மேல் வைத்தார். டிரைவர்கள் உள்ளங்கையை வைக்க மாட்டார்கள். சூடாக இருந்தால் சுட்டுக்கொள்ளும். புறங்கையால் தொட்டால் உடனே இழுத்துக்கொள்ள வரும்.

"பெரியவரே, கயித்துக்கு இந்தாண்ட வாங்க. தொடக் கூடாது" என்று காவலர் சத்தம் போட்டார்.

மாமா வந்துவிட்டார். "ஜில்லுனு இருக்குடா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு நான் எடுத்த 200 படங்களில் அந்தப் புறங்கை இல்லை. அப்போது நான் ஹெரால்டின் முன்விளக்கில் ஃபோகஸ் வைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில், மாமாவுக்குச் சட்டம் சொன்னேன். 2021இல் மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. 50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டி, சேசிஸ், பாடி, இன்ஜின் எதையும் மாற்றாமல் மூல உருவத்தோடு இருந்தால் 'விண்டேஜ்' என்று பதிவு செய்துகொள்ளலாம். எண்ணில் 'வி.ஏ.' என்று இரண்டு எழுத்து சேரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். ஆனால் அன்றாடம் ஓட்டக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது. கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் மட்டும் தெருவுக்கு வரலாம்.

"உற்சவர் மாதிரின்னு சொல்லு" என்றார் மாமா. கொஞ்ச தூரம் போன பிறகு, "நம்ம வண்டி இருந்திருந்தா சேத்துக்க மாட்டாங்க" என்றார்.

சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்தான். 31 வருடத்தில் அந்த வண்டியில் என்ன மிச்சம் இருந்தது? பெட்ரோல் இன்ஜினை இரண்டு தரம் போர் பண்ணி, மூன்றாம் தரம் முடியாமல் இறக்கிவிட்டு மட்டாடர் டீசல் இன்ஜினை ஏற்றினார்கள். ஊரில் பாதி அம்பாசிடர்களுக்கு அந்தக் காலத்தில் அப்படித்தான் இதய மாற்று நடந்தது. இடது பக்கக் கதவு வேறொரு வண்டியுடையது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த கை கியரைத் தரைக்கு மாற்றினார்கள். சீட் உறை எத்தனை தரம் என்று கணக்கில்லை. ஆர்.சி. புக்கும் டிக்கி மூடியும் மட்டும்தான் ஆதியிலிருந்து வந்தவை என்று மாமாவே சொல்வார். ஆனால் ஒரு தரம்கூட அவர் அதை வேறு வண்டி என்று நினைத்ததில்லை. இன்ஜின் மாறிய மறுநாளும், "சனியன், மேட்டுல இழுக்க மாட்டேங்குது" என்று பழைய உரிமையோடுதான் திட்டினார்.

டிக்கி மூடி எனக்கும் தெரியும். என் கை அதில் பட்டிருக்கிறது.

அந்தக் காலத்துக் கிராமத்தார் காருக்கு வைத்திருந்த பெயர் 'பிளஷர்'. பிளஷர் வந்திருக்கு, பிளஷர்ல வந்தாங்க என்பார்கள். வெள்ளைக்காரனின் உல்லாசப் பயணத்துக்கு உரிய வண்டி என்ற பொருளில் காதில் விழுந்த சொல்லை அப்படியே பிடித்துவைத்துக்கொண்டார்கள். (ஸ்டெப்னியும் அப்படித்தான். வேல்ஸ் நாட்டில் ஸ்டெப்னி என்ற தெருவில் உபரிச் சக்கரம் செய்த கம்பெனியின் பெயர் அது. கம்பெனி போய்விட்டது, நம் டிக்கிக்குள் பெயர் மட்டும் கிடக்கிறது.) ஆனால் பிளஷர் எங்கள் வீடுகளுக்கு உல்லாசத்துக்கு வந்தது அபூர்வம். பிரசவத்துக்கு வந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தது. பிறகு, 1982இல் ஒரு ராத்திரி, வேலூரிலிருந்து தாத்தாவைக் கொண்டுவர வந்தது.

தாத்தா என்றால் மாமாவின் அப்பா. முதலாளி கேட்காமலே சாவியைக் கொடுத்திருந்தார். எனக்கு ஒன்பது வயது. பின் சீட்டில் பாட்டி உட்கார்ந்திருக்க, தாத்தாவின் தலை அவள் மடியில் இருந்தது. உட்கார்ந்துகொண்டு தூங்குகிறவர் மாதிரி ஒரு துண்டைச் சுற்றியிருந்தார்கள். முன்னால் மாமா, அப்பா, நடுவில் நான். யாரும் அழவில்லை, வீடு போய்ச் சேரும் வரை அழக் கூடாது என்று பாட்டி சொல்லியிருந்தாள். போளூர் தாண்டுவதற்குள் ஒரு ரயில்வே கேட் மூடிவிட்டார்கள். அணைக்காமல் வைத்தால் பெட்ரோல் போகும் என்ற பழக்கத்தில் மாமா இன்ஜினை அணைத்துவிட்டார். ரயில் போயிற்று. கேட் திறந்தது. செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி இறங்கியிருந்தது.

அப்பா இறங்கினார், நானும் இறங்கினேன். எங்கள் இருவரால் அந்த வண்டி ஒரு அடி நகரவில்லை. பின்னால் நின்ற மாட்டுவண்டிக்காரர், டீக்கடையில் இருந்தவர்கள், சைக்கிளில் பூக்கூடை கட்டியிருந்த ஒருவர் என்று ஏழெட்டுப் பேர் வந்தார்கள். "என்ன ஏதுன்னு எறங்காம உள்ள மகாராணி மாதிரி உக்காந்திருக்காங்க" என்று பூக்கூடைக்காரர் சிரித்தபடியே கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். பார்த்த பிறகு தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. வந்து என் பக்கத்தில் நின்று, என் கைக்கு மேலே கையை வைத்துத் தள்ளினார்.

வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணியவர்களுக்கு ஒரு கணம் தெரியும். தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டே ஓடுவோம். உள்ளே இரண்டாவது கியரில் கிளட்சை விடுவார்கள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும். அடுத்த நொடி உள்ளங்கையில் இருந்த பாரம் மாயமாகிவிடும். வண்டி கையை விட்டுப் போய்க்கொண்டே இருக்கும். கை மட்டும் காற்றில் நீட்டியபடி இருக்கும். தாத்தா எங்களை விட்டுப் போனது எப்போது என்று யாராவது கேட்டால் டாக்டர் எழுதிய நேரத்தைச் சொல்வேன். என் கைக்குத் தெரிந்த நேரம் அது இல்லை.

கண்காட்சிகளில் வண்டிகளுக்கு முன்னால் ஒரு பலகை இருக்கும். தயாரித்த வருடம், குதிரைத் திறன், உரிமையாளர் பெயர். அந்தப் பலகைகளையும் ஒழுங்காகப் படம் எடுத்துவைப்பவன் நான். போளூர் ராத்திரியை நினைத்துப் பார்த்தால், அந்தப் பலகையில் எங்களுக்கு இடம் எங்கே என்று தோன்றுகிறது. நம்மில் பெரும்பாலோர் நினைத்து நினைத்து உருகுகிற கார் நம்முடையது இல்லை. டாக்டருடையது, முதலாளியுடையது, வாடகைக்கு வந்தது, அட்டையில் வரைந்தது. கண்காட்சியில் கயிற்றுக்கு வெளியே நின்று "எங்க பெரியப்பா ஊர்ல ஒண்ணு இருந்துச்சு" என்று பேரனுக்குச் சொல்கிறவரின் பெரியப்பாவும் அநேகமாக அதை வைத்திருந்திருக்க மாட்டார், பக்கத்தில் நின்றிருப்பார். இதை இரவல் ஏக்கம் என்று நான் ரொம்ப நாள் எண்ணியிருந்தேன், கொஞ்சம் கேலியாகவும்கூட. இப்போது அப்படி நினைக்கவில்லை. ஆர்.சி. புக்கில் முதலாளி பெயர் இருந்தது. அந்த வண்டியின் உடம்பில் இருந்தது பூக்கூடைக்காரரின் கை.

திருவண்ணாமலையில் வளர்கிறவனுக்கு இது தானாகவே தெரிந்திருக்க வேண்டும். எனக்கு நேரம் பிடித்தது.

மோட்டார் வருவதற்கு முன்பே இங்கிலீஷ்காரர்கள் நம் தேரைப் பார்த்து எழுதிய சொல் 'கார்' என்பதுதான். வண்டி என்று பொருள்படும் பழைய லத்தீன் சொல்லின் வழியில் வந்தது. அதில் இன்ஜின் கிடையாது. சிதம்பரத்தில் கீழ வீதி இங்கிலீஷில் 'ஈஸ்ட் கார் ஸ்ட்ரீட்'. சின்ன வயதில் ஒரு காலண்டரில் எங்கள் ஊர்த் திருவிழாவை 'கார் ஃபெஸ்டிவல்' என்று அச்சடித்திருந்ததைப் பார்த்துவிட்டு, ஏழாம் நாளன்று மாட வீதியில் அம்பாசிடர்கள் வரிசையாக வரும் என்று நம்பி நின்றவன் நான். ஐந்து வந்தன. பிள்ளையார் ஒன்றில், முருகன் ஒன்றில், அண்ணாமலையார் பெரிய தேரில். அம்மன் தேரைப் பெண்கள் மட்டும் இழுத்தார்கள். சண்டிகேசுவரர் தேரைப் பிள்ளைகள் இழுத்தோம், நானும் இழுத்தேன். ஒன்று நிலைக்கு வந்த பிறகுதான் அடுத்தது கிளம்பும் என்பதால் அது ஒரு முழு நாள் வேலை. ஏமாற்றம் எதுவும் இருந்ததாக ஞாபகம் இல்லை.

இந்தக் கார்களுக்கு விண்டேஜ் பதிவு கேட்டுப் போனால் என்ன ஆகும் என்று மாமாவும் நானும் ஒரு நாள் தேரடியில் நின்று பேசிச் சிரித்திருக்கிறோம். மூல உருவம் எங்கே இருக்கிறது? உளுத்த கட்டையை எடுத்துவிட்டுப் புதுக் கட்டை போடுகிறார்கள். பல ஊர்த் தேர்களில் மரச் சக்கரம் போய் இரும்புச் சக்கரம் வந்தாயிற்று. அவற்றைச் செய்து கொடுத்தது யார் தெரியுமா? மின் நிலையங்களுக்குக் கொதிகலன் செய்கிற திருச்சி பெல் தொழிற்சாலை. திருவாரூர் ஆழித்தேருக்கு ஹைட்ராலிக் பிரேக்கே வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தேர் எரிந்து, புதிதாகச் செய்து, பிறகு பல வருடம் ஓடாமல் நின்று, 1970இல் மறுபடி ஓடியது. எந்தக் கட்டை எந்த நூற்றாண்டுடையது என்று அன்றைக்கு வடம் பிடித்த யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எங்கள் ஊர்ப் பெரிய தேரையும் 2024இல் பழுது பார்த்து, நவம்பரில் வெள்ளோட்டம் விட்டார்கள். "ஒர்க்ஷாப்லேந்து எடுத்தா ஒரு ட்ரையல் பாத்துத்தானே ஆகணும்" என்று காலையிலேயே மாமா கிளம்பிவிட்டார்.

கார்ச் சட்டத்துக்கு, எதையும் மாற்றாமலும் அதிகம் ஓட்டாமலும் இருந்தால்தான் பழையது. தேர் நேர் எதிர். எதை வேண்டுமானாலும் மாற்றலாம். ஒரு வருடம் ஓடாமல் விடக் கூடாது. ஓடாத தேர் எந்த ஊரிலும் பெருமை இல்லை, அது அந்த ஊரின் மனக்குறை. கட்டையும் சக்கரமும் அச்சும் தொம்பையும் தேர்ச்சீலையும் மாறிக்கொண்டே இருக்க, மாறாமல் வருவது கைதான். அதுவும் அதே கை இல்லை. அதற்கு முந்தைய கை பிடித்த இடத்தில் பிடிக்கிற கை.

ஏழாம் நாள் கூட்டத்தில் கேமராவோடு போவது வேறு மாதிரி அவஸ்தை. ஆட்கள் விலகட்டும் என்று காத்திருந்தால் விடிந்துவிடும். ஆட்கள் விலகினால் தேரும் நின்றுவிடும். எடுக்க ஒன்றும் இருக்காது. இந்த ஊருக்குக் கேமராவோடு வந்தவர்களில் பெரியவர் ஆன்றி கார்த்தியே-பிரெஸோன். 1950 ஏப்ரலில், ரமணர் படுத்த படுக்கையாக இருந்தபோது வந்து படம் எடுத்தார். 14ஆம் தேதி இரவு 8.47க்கு ரமணர் மறைந்த அதே நேரம், மலை மேல் மெதுவாக நகர்ந்து போன ஒரு நட்சத்திரத்தைத் தாம் கண்டதாகச் சொன்னார். கணத்தைப் பிடிப்பதில் உலகமே குரு என்று கொண்டாடியவர். அவர் எடுத்த படங்களுக்காக அவரைத் தேடிப் போகிற நாம், அந்த ராத்திரிக்கு மட்டும் அவருடைய வாய்ச்சொல்லைத்தான் கேட்டுக்கொள்கிறோம். எனக்கு அது ஆறுதலாக இருக்கிறது.

2024 டிசம்பரில் ஏழாம் நாள் வந்தபோது, புயல் மழையில் மலைச்சரிவு ஏழு உயிர்களைக் கொண்டுபோய்ப் பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை. மாமா காலையில் வேறு பேச்சே பேசவில்லை. "தேர் ஓடுதுல்ல?" என்று மட்டும் இரண்டு தரம் கேட்டார். ஓடியது. மாமாவால் இப்போது வடம் பிடிக்க முடியாது, முழங்கால் ஒத்துழைக்காது. ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு முட்டுக்கட்டை போடுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தேரில் அவருக்கு எப்போதும் பிடித்தது அவர்களைத்தான். ஸ்டீயரிங்கும் பிரேக்கும் அந்த ஒரு மரத்துண்டுதான். சக்கரத்துக்கு முன்னால் எந்தப் பக்கம் எவ்வளவு கொடுக்கிறார்களோ, தேர் அந்த அளவு திரும்பும். கொடுத்த கையை எடுக்க ஒரு நொடி தாமதித்தால் கை இருக்காது. ஊரே கூடி முன்னால் இழுக்க, நாலைந்து பேர் குனிந்தபடி அதைத் தடுத்துத் தடுத்து வழிக்குக் கொண்டுவருகிறார்கள். முட்டுக்கட்டை போடாதே என்று பேச்சில் திட்டுகிறவர்கள் ஒரு தரம் தேருக்குப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

"பாரு, இப்ப லெஃப்ட் ஒடிக்கிறான்" என்று மாமா சொல்லும்போதே தேர் இடது பக்கம் அசைந்து திரும்பியது.

தேர் நிலைக்கு வந்தது. கூட்டம் அம்மன் தேர்ப் பக்கம் நகர ஆரம்பித்தது. மாமா திண்ணையை விட்டு இறங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு தேரடிக்கு வந்தார். சுற்றி நின்றவர்கள் சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்கள். முட்டுக்கட்டை உராய்ந்த இடத்தில் மரம் தீய்ந்த வாசனை இன்னும் போகவில்லை.

மாமா கும்பிடவில்லை. கையைத் திருப்பி, புறங்கையைச் சக்கரத்தின் மேல் வைத்தார். எடுக்கவில்லை.

"சூடு இருக்குடா" என்றார்.